தியோடோரிக் வீட்டு வம்சாவளியைத் தாளில் போடுவது எப்படி

முதலில் தாளை அகலவாக்கில் வையுங்கள். நான் நெட்டுக்குத்தாக வைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டவன். விசிகோத் (மேற்கு கோத் எனப்படும் ஜெர்மானிய இனம்) அரசர் தியோடோரிக்குக்கு ஆறு மகன்கள், அதனால் இடம் பக்கவாட்டில்தான் வேண்டும்.

அவர் பெயரை நடுவில் எழுதி, கூடவே 418–451 என்று ஆட்சி ஆண்டையும் போடுங்கள். இத்தாலியை ஆண்ட கிழக்கு கோத் அரசரும் தியோடோரிக்தான் (493–526). ஆண்டு போடாமல் விட்டு இருவரையும் ஒரே ஆளாக்கியதில்தான் என் முதல் தாள் வீணானது.

மேலே அலாரிக், 410-இல் ரோமைச் சூறையாடிய முந்தைய விசிகோத் அரசர். இந்த இணைப்பைப் பென்சிலால் புள்ளிக்கோடாகவே போடுங்கள். சிடோனியஸ் என்ற ரோமானியக் கவிஞர், நம்மவரின் மகனான இரண்டாம் தியோடோரிக்கை அலாரிக்கின் பேரன் என்கிறார். மகன் வழிப் பேரனா, மகள் வழிப் பேரனா? அதைச் சொல்லவில்லை. ஆகவே நம்மவர் அலாரிக்குக்கு மகனாகவும் இருக்கலாம், மருமகனாகவும் இருக்கலாம். அலாரிக்குக்குப் பின் அரசரான அதவுல்ஃப் விஷயத்தில் குழப்பமே இல்லை, அலாரிக் மனைவியின் தம்பியோ அண்ணனோ. 'மச்சினன்' என்று எழுதினால் முடிந்தது.

கீழே மகன்கள்: தோரிஸ்முண்ட், தியோடோரிக், ஃபிரெடெரிக், யூரிக், ரெட்டெமர், ஹிம்னெரித். இங்கே சிவப்புப் பேனாவை எடுங்கள். 451-இல் ஹூணர்களின் அரசர் அட்டிலாவோடு நடந்த போரில் அப்பா களத்திலேயே விழுந்தார், தோரிஸ்முண்ட் அரசரானார். 453-இல் தோரிஸ்முண்டை தம்பிகள் தியோடோரிக்கும் ஃபிரெடெரிக்கும் கொன்றார்கள். 466-இல் அந்த தியோடோரிக்கை யூரிக் கொன்றார். கொன்றவரிடமிருந்து செத்தவருக்கு அம்புக்குறி போட்டால், யார் எப்படி அரசரானார் என்பது தனியாக எழுதாமலே புரியும்.

மகள்களை விட்டுவிடாதீர்கள். பெயர் எழுதி வைக்கப்படாத இருவருக்கு இரண்டு வெற்றுக் கட்டங்கள். ஒருத்தியை வாண்டல் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தின் அரசர் கெய்செரிக்கின் மகன் ஹுனெரிக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நஞ்சு வைக்கப் பார்த்தாள் என்ற வெறும் சந்தேகத்தில் மாமனார் அவள் மூக்கையும் காதுகளையும் அறுத்து அப்பா வீட்டுக்கே அனுப்பிவிட்டார் என்கிறார் கோத்களின் வரலாற்றை எழுதிய ஜோர்டானஸ். இன்னொருத்தி 449-இல் சுவேபி என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் ரெக்கியாரைக் கைப்பிடித்தாள். அந்த மாப்பிள்ளையை 456-இல் மச்சினன் இரண்டாம் தியோடோரிக்கே படையோடு போய்த் தோற்கடித்தார். இதற்கும் ஒரு சிவப்பு அம்பு உண்டு.

அப்புறம் வலது ஓரத்தில் நான்கு விரல் இடம் விட்டு வையுங்கள். யூரிக்கின் மகன் இரண்டாம் அலாரிக் மணந்தது தியோடெகோத்தாவை. அவள் அப்பா வேறு யாருமில்லை, கலந்துவிடாதீர்கள் என்று நான் சொன்ன அந்த இத்தாலி தியோடோரிக்தான்.