ரோரி கலஹருக்கு ஒரு மாலை: தோட்டத்து மண்டபத்தில் நினைவுநாள் வைப்பது எப்படி

முதலில் ஒன்று, பேச்சாளர் யாரையும் கூப்பிடாதீர்கள். நம் ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் நினைவுநாள் என்றால் குத்துவிளக்கு, படத்துக்கு மாலை, இரண்டு நிமிட மௌனம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று ஒரு தடம் இருக்கிறது, அதில் ஏறிவிட்டால் இறங்க முடியாது. நாங்கள் முதல் வருஷம் அப்படித்தான் வைத்தோம். ஐந்து பேர் பேசினார்கள், அதில் மூன்று பேர் ரோரியின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை, ஒருவர் அவரை இங்கிலாந்துக்காரர் என்றே சொல்லி முடித்தார். முதல் பாட்டைப் போடும்போது பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போகிற நேரம் என்று பாதிச் சனம் எழும்பிவிட்டது. பாடகரை நினைக்க என்று கூடிவிட்டு அவர் குரலைக் கேட்காமலே கலைந்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யாரவர் என்று மண்டபத்துச் சாவி வைத்திருக்கிற அண்ணன் கட்டாயம் கேட்பார். சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: அயர்லாந்துக்காரர், 1948இல் பாலிஷானன் என்ற சின்ன ஊரில் பிறந்து கோர்க் நகரத்தில் வளர்ந்தவர், ப்ளூஸ் ரொக் பாடுவார், கிட்டார் வாசிப்பார், 1995 ஜூன் 14ஆம் திகதி லண்டனில் ஆஸ்பத்திரியில் இறந்தபோது வயது 47. பெயரை எழுத்துக்கூட்டி ‘கலகர்’ என்று சொல்கிறார்கள், அந்த நாட்டுக்காரர் வாயில் அது கலஹர். அவர் தொடங்கியது ஷோபேண்டில், அதாவது கல்யாண வீட்டிலும் டான்ஸ் ஹோலிலும் அடுத்தவர் பாட்டை வாசிக்கிற கூட்டத்தில். நம் ஊரில் பைலாவும் சினிமாப் பாட்டும் மாறி மாறி அடிக்கிற இசைக்குழுப் பையன்களுக்கு இதைச் சொன்னால் முகம் மலரும், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, நாள். 14ஆம் திகதி நமக்கு வசதியான திகதிதான், தோட்டத்தில் 10ஆம் திகதிவாக்கில் சம்பளம் வந்திருக்கும், ஆளுக்கு இருநூறு முந்நூறு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் கலண்டரைப் பாருங்கள், பௌத்தர்களின் பௌர்ணமி நாளான பொசன் போயா ஜூனில்தான் வரும், 2022இல் சரியாக 14ஆம் திகதியே வந்தது. போயா அன்று மின்கிட்டார் சத்தம் கிளப்புவது முறையில்லை, பக்கத்து ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள். நேரம் பின்னேரம் 3 மணி, முடிவு 6.30. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடுவதால் மஸ்கெலியாப் பக்கம் இரவு பஸ் ஜூனில் குறைவு, நோர்வூட், சாமிமலையிலிருந்து வருகிறவர்களை இருட்டில் நிறுத்தக் கூடாது. வெளியில் சத்தம் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் வைப்பதென்றால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும், கோயில் தலைவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவ்வளவுதான், அதில் பெரிய வேலை இல்லை.

பெரிய வேலை கூரையில் இருக்கிறது. ஜூனில் இங்கே மழை என்று தனியாகச் சொல்ல வேண்டாம், தென்மேற்குப் பருவக்காற்று நேராக நம் தலையில்தான் இறங்குகிறது. தகரக் கூரையில் அது அடிக்கத் தொடங்கினால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டிபோடாதீர்கள், காது வலிக்குமே தவிரப் பாட்டு தெளியாது. நாங்கள் கண்டுபிடித்த வழி, ஸ்பீக்கரை மேடையில் வைக்காமல் மண்டபத்தின் நடுவில், நெஞ்சு உயரத்தில், இரண்டு மேசைமேல் வைத்து, அதைச் சுற்றிப் பாயில் உட்காருவது. இரண்டு ஸ்பீக்கரும் ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிச் சத்தம் போதும். அடுத்தது எதிரொலி, சீமெந்துச் சுவரும் வெறும் தரையும் உள்ள மண்டபத்தில் ட்ரம்ஸ் சத்தம் தகர டின் உருளுகிற மாதிரி வரும். வீட்டு வீட்டுக்குக் கம்பளி வாங்கி, காய்ந்த படங்கும் இருந்தால் அதையும் சேர்த்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், ஜன்னலையும் மூடிவிடுங்கள். குளிரும் அடங்கும், பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கத் தொடங்கும். ரோரியின் பாட்டில் ஜெரி மெக்கவோயின் பேஸ் கேட்காவிட்டால் பாதிப் பாட்டு போன மாதிரிதான்.

இன்டர்நெட்டை நம்பி இறங்காதீர்கள். இரண்டாம் வருஷம் நான் போனிலிருந்து நேரடியாகப் போட்டேன், பனிமூட்டம் இறங்கியதும் சிக்னல் போய்விட்டது, திரும்பி வந்தபோது கிட்டார் உருகிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு சவர்க்கார விளம்பரம் பாடியது. எல்லாப் பாட்டையும் முதல் நாளே இறக்கி, பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு பிரதி வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் சித்தி அழைப்பாள். கரண்ட் போகும், அது போகாத ஜூன் மாலையை நான் பார்த்ததில்லை, அதனால் சார்ஜ் பண்ணிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைச் சின்னதாயிருந்தாலும் ஓரத்தில் வைத்திருங்கள்.

இப்போது பாட்டு. ஒழுங்குதான் முக்கியம், அதிலும் ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: பாட்டைப் பாதியில் வெட்டாதீர்கள். ரேடியோவுக்காகப் பாட்டைச் சின்னதாக்கி சிங்கிள் விடுவதை அவர் கடைசிவரை விரும்பவில்லை, அதனால் காசும் புகழும் குறைந்தாலும் பரவாயில்லை என்று இருந்தவர். அவர் நினைவுநாளில் ‘நேரமில்லை, அடுத்த பாட்டைப் போடு’ என்று கத்துகிற ஆளை அன்பாக வெளியில் தேத்தண்ணி ஊற்ற அனுப்புங்கள்.

வருகிற எல்லாரும் ரசிகர்கள் இல்லை என்பதை வைத்து யோசியுங்கள். ரசிகர் ஆறு பேர் இருப்போம், மீதி அம்மாமார், பக்கத்து லயத்துப் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்களுக்கு முதலிலேயே இரைச்சலான பாட்டைப் போட்டால் எழும்பிப் போய்விடுவார்கள். 1972இல் வந்த லைவ் இன் யூரோப் இசைத்தட்டிலிருந்து ‘கோயிங் டு மை ஹோம் டவுன்’ பாட்டில் தொடங்குங்கள். கையில் மேண்டலின், காலால் தரையில் தட்டித் தாளம், கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொள்ளும். ஊருக்குத் திரும்புகிற பாட்டு அது, கொழும்பில் கடையில் நிற்கிற பையன்கள் தீபாவளிக்கு வீடு வருகிற கதையைச் சொன்னால் மொழி தெரியாதவர்களும் தட்டத் தொடங்குவார்கள். தப்பு மேளம் அடிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரை முன்னால் உட்காரவையுங்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு ப்ளூஸ் என்றால் என்ன என்று இரண்டு நிமிடம், அதற்குமேல் வேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காட்டில் வேலை செய்த கறுப்பு மக்களிடமிருந்து வந்த பாட்டு, ஒரு அடியைப் பாடி, அதையே இன்னொருமுறை பாடி, மூன்றாவது அடியில் அதற்குப் பதில் சொல்வது அதில் நிறைய வருகிற அமைப்பு. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பாட்டி ஒருவர் “யார் செத்தது?” என்று கேட்டார். ஒப்பாரியில் வளர்ந்த காது அது. அதே சூட்டில் ஐரிஷ் டூர் ’74 இசைத்தட்டிலிருந்து ‘ஆஸ் த குரோ ஃப்ளைஸ்’ போடுங்கள், தனி ஆளாக, உலோக உடம்புள்ள கிட்டாரோடும் வாயில் ஹார்மோனிக்காவோடும் பாடுவது.

இந்த ஐரிஷ் டூர் பற்றி மட்டும் கொஞ்சம் கூடவே சொல்லலாம், என் மனதில் மாலையின் நடுப்புள்ளி அதுதான். 1974 தொடக்கத்தில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கோர்க் மூன்று இடத்திலும் வாசித்ததைப் பதிந்த இரட்டை இசைத்தட்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் அப்போது குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், வெளியூர் இசைக்குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் தலைகாட்டாத நேரம், இவர் விடாமல் வருஷா வருஷம் போய் அல்ஸ்டர் ஹோல் என்ற மண்டபத்தில் வாசித்தார், கேட்க வந்தவர்களில் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் இரண்டு பக்கத்தாரும் இருந்தார்கள். ஊரடங்கும் சோதனைச்சாவடியும் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் கனம் தெரியும், விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இப்போது அல்ஸ்டர் ஹோலுக்கு வெளியே அவருக்குச் சிலையே நிற்கிறது. ‘வோக் ஒன் ஹொட் கோல்ஸ்’ பதினொரு நிமிடத்துக்கு ஓடும், அதை இங்கே போடுங்கள், மழை சத்தமாக இருக்கும்போது போட்டாலும் தாங்கும் பாட்டு. மழை விட்டதும் மெதுவான பாட்டுகளுக்கு மாறுங்கள், 1971இல் வந்த முதல் தனி இசைத்தட்டில் ‘ஐ ஃபோல் அபார்ட்’ இருக்கிறது, அது அடங்கித் தொடங்கி ஏறும், ஏறுகிறவரை யாரும் கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் வாசிக்க ஆள் இருந்தால் அவர்களுக்கு அரைமணி கொடுங்கள், கடைசியில் இல்லை, நடுவில். கிட்டாரைக் குளிரிலிருந்து கொண்டுவந்து உடனே சுருதி சேர்க்காதீர்கள், மண்டபத்தில் முக்கால் மணி நேரம் கிடக்கட்டும், ஆட்கள் நிறைந்து சூடேறியதும் கம்பி எப்படியும் இறங்கும், பிறகு சேர்த்தால் போதும். நம் ஈரத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், புதுக் கம்பி ஒரு செட் கையில் இருக்கட்டும். பழைய கிட்டார் என்று பையன்கள் கூச்சப்பட்டால் ரோரியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரின் கதையைச் சொல்லுங்கள். 1961இல் செய்த கிட்டார், 1963இல் கோர்க்கில் 100 பவுணுக்குக் கடனில் வாங்கியபோது அவருக்கு 15 வயது, ஒருமுறை களவு போய்ப் பள்ளத்தில் மழையில் கிடந்து கிடைத்தது, வியர்வையில் பெயின்ட் உரிந்து வெறும் மரமாகிவிட்டது, சாகும்வரை அதையே வாசித்தார். 2024இல் ஏலத்துக்கு வந்து இப்போது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. நம் பையனின் கிட்டாரில் இரண்டு கீறல் இருந்தால் என்ன?

உடுப்புக்கு யோசிக்கவே வேண்டாம், அவர் மேடையில் போட்டது கட்டம்போட்ட சட்டையும் டெனிமும்தான், நுவரெலியாவில் குளிர் உடுப்பு விற்கிற கடைகளில் அந்தச் சட்டை குவியலாகக் கிடக்கும், பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், அவித்துத் தாளித்த கடலை, இஞ்சி போட்ட பிளேன்டீ. ரொட்டி சுடுகிற இடம் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கட்டும், ஆனால் சுடுகிறவர்களுக்கும் பாட்டு கேட்கிற மாதிரி கதவைத் திறந்துவையுங்கள், போன வருஷம் அக்காமார் இதைச் சொல்லிச் சண்டைபிடித்தார்கள், நியாயமான சண்டை. சாராயம் வேண்டாம். நான் யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை, மனுஷன் கல்லீரல் கெட்டு, மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தும் பிழைக்காமல் போனவர், அவர் படத்துக்கு முன்னால் போத்தலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேசவே கூடாதா என்றால், பேசலாம். ஆனால் ஒரே கேள்விக்குப் பதிலாக மட்டும்: இவரை முதல்முதலாக எங்கே கேட்டாய்? ஆளுக்கு ஒரு நிமிடம், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல். என் பதில் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த கசட், பெயர் எழுதின தாள் தொலைந்துபோன கசட், யார் பாடுகிறார் என்று தெரியாமலே மூன்று வருஷம் கேட்டேன். போன வருஷம் ஒரு தம்பி “இப்பத்தான், இங்கதான்” என்றான்.

கடைசிப் பாட்டு ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’, அதுவும் ஐரிஷ் டூர் இசைத்தட்டில் உள்ளது. கூட்டம் நிறைந்த பாரில் இருந்துகொண்டே எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருவனின் பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகும், 6.15க்குத் தொடங்குங்கள். லைட்டை அணைத்துவிடலாம், பனி ஜன்னல்வரை வந்திருக்கும். பாட்டு முடிந்ததும் போனில் கைவைக்காதீர்கள், பதிவில் அந்த ஊர்ச் சனம் கைதட்டுவது கேட்கும், கொஞ்சம் பொறுத்தால் பாயில் இருக்கிற நம் ஆட்களும் அதோடு சேர்ந்து தட்டத் தொடங்குவார்கள், 1974இல் தட்டியது எது, ஹட்டனில் தட்டுவது எது என்று பிரிக்க முடியாமல் கொஞ்ச நேரம் போகும். அது ஓயட்டும். பிறகு லைட்டைப் போட்டு, கம்பளிகளை வீடு மாறாமல் எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.