மலை, திராட்சைத் தோட்டம், அருவி: இரண்டு பேராக அர்ஜென்டினாவைச் சுற்றுவது எப்படி?

தென் அமெரிக்கா போகிறோம் என்று சொன்னதுமே பலர் பெரு, பொலிவியா, சிலி என்று நாடுகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஒரே நாடு போதும் என்பது என் கருத்து. பனிமலை, திராட்சைத் தோட்டம், பேரருவி மூன்றும் அர்ஜென்டினாவிலேயே இருக்கின்றன. நானும் என் நண்பனும் முதுகுப்பையோடு போய்வந்த வழியை வைத்தே இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட், விமான டிக்கெட் எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: மாதத்தையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

மார்ச்சில் போங்கள். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். நாட்டின் தென்கோடிப் பகுதியான படகோனியாவில் காற்று பேயாட்டம் ஆடுவதும் அப்போதுதான். மார்ச்சில் அது கொஞ்சம் தணிந்திருக்கும், மெண்டோசாவில் திராட்சை அறுவடையும் நடந்துகொண்டிருக்கும்.

திசை தெற்கிலிருந்து வடக்கு: மலைக்கு எல் சால்டன், பிறகு திராட்சைத் தோட்டத்துக்கு மெண்டோசா, கடைசியில் அருவிக்கு இகுவாசு. குளிருக்கான கனமான துணிகள் முதல் கட்டத்திலேயே வேலையை முடித்துவிடும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே மலையையும் ஏறிவிடலாம்.

எல் சால்டனுக்குப் போய்வர விமானம் இறங்கும் ஊர் எல் கலஃபாத்தே. அங்கிருந்து மெண்டோசாவுக்குப் பேருந்து என்றால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும், விமானமே மேல். பெரும்பாலும் புவெனஸ் ஐரிஸ் வழியாகத்தான் மாற வேண்டியிருக்கும். அந்த நகரில் எசெய்சா, ஏரோபார்க்கே என்று இரண்டு விமான நிலையங்கள், ஊரின் இரு வேறு கோடிகளில். டிக்கெட்டில் இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 2: மூட்டையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டு பேர் போவதில் உள்ள பெரிய லாபமே இதுதான். கூடாரம் ஒன்று, அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று போதும். கூடாரத் துணியும் முளைகளும் ஒருவர் பையில், கம்பிகளும் அடுப்பும் சாப்பாடும் மற்றவர் பையில். ஸ்லீப்பிங் பேக்கும் மழைச் சட்டையும் மட்டும் அவரவர் சுமை. 50 லிட்டர் பை தாராளம். 70 லிட்டர் வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும்.

நடக்கும்போது பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. ஆனால் நம்ம ஊர் ஈரிழைத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் துண்டுகளைவிட அது எனக்கு நன்றாகவே உழைத்தது. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் செயலியை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். மலைப்பாதையில் சிக்னலை நம்ப முடியாது.

படி 3: எல் சால்டன்

எல் கலஃபாத்தேயிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1985-இல் உருவாக்கப்பட்ட சின்ன ஊர் இது. ஊர் முடியும் இடத்திலேயே மலைப்பாதை ஆரம்பிக்கிறது. லோஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவின் இந்தப் பகுதிக்கு முன்பு கட்டணம் கிடையாது, இப்போது வாங்குகிறார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு இலவசம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

மளிகையை எல் கலஃபாத்தேயிலேயே வாங்கிவிடுங்கள், மலையூரில் விலையும் கூட, சரக்கும் குறைவு. போலென்டா என்ற மக்காச்சோள ரவை எனக்கு மிகவும் பிடித்தது. ரவை உப்புமா போல நொடியில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். படகோனியாவுக்குள் பழ ஈ நுழையாமல் தடுக்கச் சோதனைச் சாவடிகள் உண்டு. பழங்களைக் கையில் கொண்டுபோனால் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

3,405 மீட்டர் உயரமுள்ள ஃபிட்ஸ் ராய் சிகரத்தின் காலடியில் இருக்கிறது லகுனா தெ லோஸ் ட்ரெஸ் என்ற ஏரி. ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் வழியில் புவான்செனோ முகாமில் ஓர் இரவு தங்குவதைத்தான் நான் சொல்வேன். அங்கிருந்து இருட்டிலேயே கிளம்பினால் விடியும்போது ஏரிக்கரையில் இருக்கலாம். முதல் வெயில் பட்டதும் அந்தக் கருங்கல் சிகரம் முழுக்கச் செக்கச்சிவந்துபோகும். கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் 400 மீட்டர் ஏற்றம், அதுவும் உருளும் கற்கள் மேலே. கைத்தடி இல்லாமல் இறங்கினால் முழங்கால் சொல்லும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

காற்றில் கூடாரம் அடிப்பது

எங்களை மிகவும் படுத்தியது இந்த வேலைதான். ஊரில் மொட்டை மாடியில் பழகியது எதுவும் படகோனியாக் காற்றில் எடுபடவில்லை. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் இடம். லெங்கா மரக்கூட்டத்தின் மறைவில் போடுங்கள், ஆனால் பட்ட மரத்துக்கோ காய்ந்த கிளைக்கோ அடியில் போடாதீர்கள். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

துணியை உதறி விரிக்காதீர்கள், கையைவிட்டுப் பறந்துவிடும். ஒருவர் சுருளின் மேலேயே மண்டியிட்டு உட்காரட்டும். மற்றவர் காற்று வரும் பக்கத்து இரண்டு முளைகளை முதலில் அடிக்கட்டும். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருளைப் பிரித்து எதிர்ப்பக்கத்தை அடியுங்கள். நான்கு மூலையும் மண்ணில் பிடித்த பிறகுதான் கம்பியை நுழைக்க வேண்டும். கம்பியை நிமிர்த்தும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்தானது. ஒருவர் காற்றுப் பக்கம் நின்று கம்பியைக் கையால் தாங்கிக்கொள்ள, மற்றவர் உடனே இழுகயிறுகளைக் கட்ட வேண்டும்.

கடையில் கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகளை நம்பாதீர்கள். ஒய் வடிவ அலுமினிய முளைகளைத் தனியாக வாங்குங்கள். ஒவ்வொரு முளை மேலும் ஒரு கனமான கல். இழுகயிறு எல்லாவற்றையும் கட்டுங்கள், காற்றே இல்லாத மாலையிலும். அது நள்ளிரவில் கிளம்பும்.

பூங்காவுக்குள் நெருப்பு மூட்டத் தடை, கேஸ் அடுப்பு மட்டும்தான்.

படி 4: மெண்டோசா

இந்த ஊர் உண்மையில் பாலைநிலம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். ஆண்டிஸ் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வழியாகப் பாய்ச்சித்தான் இத்தனை தோட்டங்களையும் வளர்த்திருக்கிறார்கள். பிரான்சிலிருந்து மால்பெக் என்ற ஒயின் திராட்சைக் கொடி 1853 வாக்கில் இங்கு வந்தது. இன்று அர்ஜென்டினா என்றாலே உலகம் நினைப்பது அந்த ஒயினைத்தான்.

நகரத்திலிருந்து டிராமில் பக்கத்து ஊரான மைப்பூவுக்குப் போய், வாடகை சைக்கிள் எடுங்கள். பொதேகா என்று சொல்லும் ஒயின் ஆலைகள் பலவற்றில் முன்பதிவு கேட்பார்கள், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் திட்டமிட வேண்டாம். என் நண்பன் குடிக்க மாட்டான். அவனுக்காக ஒலிவ எண்ணெய் ஆலைக்குப் போனோம், எனக்கு அதுவே அந்த நாளின் சிறந்த பகுதி. சாலையோரம் ஆழமான வாய்க்கால் ஓடும். சுவைத்துவிட்டு மிதிப்பவர்கள் கவனம்.

சைவம் சாப்பிடுபவர்கள் மாட்டிறைச்சி, கோழி, பன்றி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். சீஸும் வெங்காயமும் வைத்த எம்பனாடா (நம்ம சோமாசி போன்ற பலகாரம்) எங்கும் கிடைக்கும்.

படி 5: இகுவாசு

புவெர்தோ இகுவாசுவில் தங்குங்கள். சுமார் 275 அருவிகள். நீர்வரத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். காலையில் பூங்கா திறந்ததும் உள்ளே ஓடும் முதல் ரயிலில் கர்கந்தா தெல் தியாப்லோ என்ற மிகப் பெரிய அருவிக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய 80 மீட்டர் விழும் வெள்ளத்தின் உச்சியில், நடைபாலத்தின் நுனியில் நிற்பீர்கள். பெருவெள்ளத்தில் இந்தப் பாலம் சேதமாகி மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததுண்டு. அதனால் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். கோவாட்டி என்ற நீள்மூக்கு விலங்குகள் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கும், கடிக்கவும் செய்யும்.

பின்சேர்க்கை (நீங்கள் கேட்டவை)

பிரேசில் பக்கமும் பார்க்கலாமா? பார்க்கலாம், முழுக் காட்சி அங்கிருந்துதான் தெரியும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பிரேசில் விசா தனியாக வேண்டும். திரும்பி அர்ஜென்டினாவுக்குள் வர உங்கள் விசாவில் மறுநுழைவு அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேஸ் உருளை: விமானத்தில் கொண்டுபோகவே கூடாது, எல் சால்டனில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் முன் நீங்கள் தங்கும் ஹாஸ்டலில் கேளுங்கள். ஊர் திரும்புகிறவர்கள் பாதி தீர்ந்த உருளைகளை அங்கே விட்டுப்போவது வழக்கம்.