ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் செய்யக்கூடாதவை

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவதும் ஊதுவதும் நம் வீடுகளில் பழகிப்போனது. ஒரு வயதுக்குள் உச்சிக்குழிகூட மூடியிருக்காது. அங்கே தட்டி, மூச்சுக்குழாயில் சிக்கியது வெளியே வராது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். பிள்ளை அழுதால், பலமாக இருமினால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் புகட்டாமல், முதுகில் அடிக்காமல், பக்கத்திலேயே இருந்து இரும விடுங்கள். சத்தமே வராமல் வாயைத் திறந்து தவித்தால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே கை வைக்க வேண்டும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துப் (தோட்டத்துத் தொடர்வீட்டுப்) படிகளில் இறங்கி ரோட்டுக்கு ஓடுவது. தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச்சேர அரை மணி நேரம்கூட ஆகும். காற்றில்லாமல் மூளை தாங்குவதோ நாலைந்து நிமிடம். நின்ற இடத்திலேயே தொடங்குங்கள். பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த வீட்டுக்காரர்) 1990 அம்புலன்சுக்கு அழைக்கட்டும். தனியாக இருந்தால் நீங்களே அழைத்து, போனை ஸ்பீக்கரில் போடுங்கள்.

உட்கார்ந்து, குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, கையைத் தொடையில் ஊன்றுங்கள். தாடையை விரல்களால் தாங்குங்கள், தொண்டையை நெரிக்காமல். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துத் தட்டினால் சிக்கியது இன்னும் கீழே இறங்கிவிடலாம். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை அடியுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கவே கூடாது.

வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்புங்கள், தலை தாழ்ந்தபடியே. முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு விரல்களாலோ ஒரு கையின் அடிப்பகுதியாலோ 5 அழுத்தம், சுமார் 4 செ.மீ. ஆழம். வெளியே வரும்வரை மாறிமாறிச் செய்யுங்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றை அமுக்கினால் ஈரல் கிழியலாம்.

கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். அண்ணனோ அக்காளோ ஊட்டிவிட்ட ரம்புட்டான் கொட்டை வழுவழுவென்றிருக்கும். விரல் பட்டதும் உள்ளே போய் இறுகிவிடும். மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டை கொடுத்துத் தள்ளுவதும் அதே ஆபத்து.

பிள்ளை துவண்டுவிட்டால் கெட்டியான தரையில் கிடத்தி 30 நெஞ்சழுத்தம், வாய்வழி மூச்சாக 2 ஊதல். ஊதுமுன் ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் பாருங்கள். பொருள் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

வெளியே வந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சிக்கியது, நெஞ்சை அழுத்தினீர்களா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு துண்டு கடலை உள்ளேயே தங்கியிருந்தால், சில நாட்களில் அது சளிக்காய்ச்சலாக (நிமோனியாவாக) தெரியவரலாம்.