முதல் மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

கத்தி வாங்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இணையத்தில் அரை மணி நேரம் படித்தாலே டி2, விஜி10, 440சி என்று எழுத்தும் எண்ணும் தலையைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் பையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது அலகின் தடிமன். எஃகு, பூட்டு (திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு), கைப்பிடி எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே சொல்லும் வரிசையில் பார்த்துக்கொண்டே போனால், கண்ணைக் கவரும் கத்திகளில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும்.

படி 1: எதை வெட்டப் போகிறீர்கள்?

ஒரு வாரம் பொறுத்திருங்கள். "இப்போது கையில் ஒரு கத்தி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும்போதெல்லாம் அது எந்த வேலைக்கு என்று குறித்து வையுங்கள். பார்சல் ஒட்டுநாடா, புதுச் சட்டையின் விலைச்சீட்டு, சணல் கயிறு, பிளாஸ்டிக் பட்டை, ஆப்பிள், கொய்யா என்றுதான் பட்டியல் நீளும். அரிசி மூட்டை வாங்குகிற வீடென்றால் அதன் தையலும் உண்டு. மூட்டையின் சரியான ஓரத்தில் ஒரே ஒரு கண்ணியை அறுத்து நூலை இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று பிரிந்து வரும். கத்தியின் வேலை அந்த ஒரு கண்ணியோடு முடிந்தது.

இவற்றில் எதற்கும் 7 செ.மீ.க்கு மேல் அலகு தேவைப்படாது. இளநீர் சீவுவது அரிவாளின் வேலை. மடக்குக் கத்தியை அதற்குப் பழக்காதீர்கள். தற்காப்புக்கு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். சாதாரண வாய்ச்சண்டையை போலீஸ் வழக்காக மாற்றுவதைத் தவிர, பையிலிருக்கும் கத்தியால் அங்கே வேறு பயன் இல்லை.

படி 2: நீளத்தை முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசுகிற கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் டெல்லியில் தனி அறிவிக்கை ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங், பட்டன் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிவிட்டால் அது சிக்கல்தான். பிரிட்டனிலும் இதே 7.62 செ.மீ., அதாவது 3 அங்குலம்தான் எல்லை: வெட்டும் பக்கம் அதற்கு மிகாமலும் பூட்டு இல்லாமலும் இருக்கும் மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமலே உடன் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால், நீளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொது இடத்தில் வைத்திருக்க நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

ஆகவே 7.5 செ.மீ.க்குக் கீழே நின்றுகொள்வது நல்லது. 6 முதல் 7 செ.மீ. மிகவும் வசதி. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் பட்டன் கத்தியை எந்த நீளத்திலும் வாங்காதீர்கள். அதை வைத்து ஆப்பிள் நறுக்கத்தான் போனேன் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

படி 3: அலகின் தடிமனைப் பாருங்கள்

ஆர்டர் செய்யும் பக்கத்தில் விவரக் குறிப்புகளுக்குள் அலகின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும். அநேகம் பேர் அதைப் படிப்பதே இல்லை. முதுகுப் பக்கம் 2 மி.மீ. சுற்றி இருந்தால் நல்லது, 2.5 வரை போகலாம். ராணுவத் தோற்றம் காட்டி விற்கும் கறுப்புக் கத்திகள் பல 3 மி.மீ.க்கு மேல், சில 4 மி.மீ.கூட இருக்கும். கையில் எடுத்தால் கனமாக, "சரக்கு உறுதியானது" என்ற உணர்வைக் கொடுக்கும். அந்த உணர்வுக்குத்தான் கூடுதல் பணம்.

வேறுபாட்டைப் பார்க்க ஓர் ஆப்பிள் போதும். தடித்த அலகை அழுத்தினால் முதல் அரை அங்குலம் ஒழுங்காக இறங்கும். பிறகு இறுகும். இன்னும் அழுத்தினால் "டக்" என்ற சத்தத்தோடு ஆப்பிள் இரண்டாகப் பிளக்கும். துண்டின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே பழத்தைப் பிளந்தது அலகின் பருமன். கூருக்கு வேலையே இல்லை. மெல்லிய அலகோ சத்தமில்லாமல் அடிவரை இறங்கி, வழவழப்பான முகத்தை விட்டுச் செல்லும். அட்டைப்பெட்டியிலும் இதே கதைதான்: தடித்த கத்தி பாதி வழியில் சிக்கும், நீங்கள் பலம் கொடுப்பீர்கள், பலம் கொடுத்த கத்திதான் நழுவி விரலுக்கு வரும். மெல்லிய அலகு பாதுகாப்பானதும்கூட என்று நான் சொல்வது இதனால்தான்.

முதுகின் தடிமனோடு சரிவையும் கவனியுங்கள். முதுகிலிருந்து கூர் வரை அலகு ஒரே சீராக மெலிந்து வந்தால் நன்றாக வெட்டும். பாதி அகலம் வரை தடியாகவே வந்து, கடைசியில் மட்டும் அவசரமாகச் சரிந்தால் வெட்டும்போது இழுக்கும். நுனியைப் பொறுத்தவரை, முதுகு நேராகவோ லேசாகவோ இறங்கி வரும் எளிய வடிவமே எல்லா வேலைக்கும் பொருந்தும். ரம்பம் போன்ற பற்கள் வேண்டாம். கயிறு அறுக்க உதவும் என்பது உண்மை. ஆனால் பழத்தைக் கந்தலாக்கும், வீட்டில் தீட்டவும் முடியாது.

படி 4: பூட்டு வேண்டுமா?

மடக்குக் கத்திகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதல் வகையில், கைப்பிடிக்குள் இருக்கும் வில் அலகின் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முதுகைக் கொஞ்சம் பலமாக அழுத்தினால் மடங்கிவிடும். பூட்டு கிடையாது. 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் கத்தியின் வழிவந்த விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்திகள் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது வகையில் அலகு திறந்ததும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கும்; அதை விலக்கினால்தான் மடங்கும்.

பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. குத்தி வெட்டும்போதும், அலகு எங்காவது சிக்கி அதைப் பின்னுக்கு இழுக்கும்போதும் பூட்டு விரலைக் காப்பாற்றும். ஆனால் புதியவர்கள் விரலை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் மடக்கும்போதுதான். கைப்பிடியின் உள்தகடு நகர்ந்து வந்து அலகைத் தாங்கும் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கத்திகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். அதைத் திறக்கும் கட்டைவிரல் அலகு வந்து விழுகிற பாதையிலேயே நிற்கிறது. சரியான முறை இது: கட்டைவிரலால் தகட்டைத் தள்ளுங்கள், மறு கையால் அலகின் முதுகைப் பிடித்து ஒரு விரற்கடை மட்டும் மடக்குங்கள், நிறுத்துங்கள், கட்டைவிரலை முழுவதும் வெளியே எடுங்கள், அதன்பிறகே மீதியை மூடுங்கள். இந்த "நிறுத்துங்கள்" என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் வாழ்நாள் முழுதும் கட்டுப்போட வேண்டியிருக்காது.

பிரான்சின் ஓபினல் கத்தியில் இந்தத் தொல்லை இல்லை. அலகின் அடியில் ஓர் உலோக வளையம். திருப்பினால் பூட்டு, மறுபடி திருப்பினால் விடுதலை. 1955இல் சேர்க்கப்பட்ட இந்த வளையத்தைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. விரல் அலகின் வழியில் வருவதே இல்லை.

என் பரிந்துரை: முதல் கத்தி பூட்டில்லாததாக இருக்கட்டும். அலகு மடங்கக்கூடும் என்ற நினைப்போடு வெட்டுகிற கை, எந்தப் பக்கம் பலம் கொடுக்க வேண்டும் என்பதைத் தானாகவே கற்றுக்கொள்ளும்.

படி 5: எஃகு

இப்போது அதற்கு வரலாம், சுருக்கமாக. துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. வீட்டு அரிவாள்மனை கார்பன் எஃகுக்கு நல்ல உதாரணம்: எளிதில் கூராகும், புளிப்பு பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் மறுநாளே துருவைக் காட்டும். வியர்வை ஊறும் பாக்கெட்டுக்கு அது சரிப்படாது. கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். துருப்பிடிக்காத எஃகை வாங்குங்கள்.

டி2 என்ற பெயரைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கூர் நெடுநாள் நிற்கும் என்பது சரி. ஆனால் அதிலுள்ள குரோமியத்தின் பெரும் பகுதி கார்பனோடு பிணைந்து கிடப்பதால் அது முழுமையாகத் துரு எதிர்ப்பதில்லை. உப்புக் காற்றில் புள்ளி விழும். தவிர, தீட்டவும் கடினம். விக்டோரினாக்ஸ் அலகு, எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் ஏறத்தாழ 56தான். நிபுணர்கள் "மென்மையான எஃகு" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் மறுபடி கூராகும் அலகுதான் புதியவருக்கு ஏற்றது.

படி 6: கைப்பிடி, எடை, கிளிப்

எடை 80 கிராமைத் தாண்டினால் வேட்டியிலோ மெல்லிய கால்சட்டையிலோ பை தொங்கும். ஒரு மாதத்தில் கத்தி மேசை டிராயருக்குப் போய்விடும். கைப்பிடியில் குறைந்தது மூன்று விரல்கள் முழுமையாக அமர வேண்டும். மரப்பிடி அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் ஊறிப் பருத்து அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; ஓபினலில் இது பிரசித்தம். அப்போது வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். நைலான், அலுமினியம் என்றால் இந்தக் கவலை இல்லை.

கிளிப் வசதியானது. ஆனால் பாக்கெட்டுக்கு வெளியே பளபளவென்று தெரியும் கிளிப், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் நிம்மதியைக் கெடுக்கும். கிளிப் இல்லாமல் பையின் அடியில் கிடப்பதே நம் ஊருக்கு நல்லது.

படி 7: கையில் வாங்கியதும் சோதியுங்கள்

கடையில் என்றால் அங்கேயே. பார்சலில் வந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள்: அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே இருக்க வேண்டும், எதையும் உரசக்கூடாது. திறந்து, முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தெரிந்த ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டுள்ள கத்தி என்றால், விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்து, முதுகைக் கட்டைப் பலகையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அடித்துப் பார்க்க வேண்டாம். வீடியோவில் அப்படிச் செய்கிறவர்கள் வேறு கத்தி வாங்கிக்கொள்வார்கள். நகக்குழியில் விரல் வைத்துத் திறக்கும்போது நகம் பெயர்வதுபோல் இருந்தால் வில் உங்களுக்கு அதிகம். கடைசியாக ஒரு செய்தித்தாள் துண்டைத் தொங்கவிட்டு மேலிருந்து இழுங்கள். ஓரிடத்தில் மட்டும் கிழித்தால் அங்கே கூர் மடிந்திருக்கிறது.

சிவப்புப் பிடியும் சிலுவையும் இருப்பதெல்லாம் சுவிஸ் கத்தி ஆகாது. விக்டோரினாக்ஸ் என்றால், பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் 91 மி.மீ. கத்திகளில் (இது அலகின் நீளம் அல்ல, மூடிய கத்தியின் நீளம்) ஸ்பார்ட்டன், டிங்கர் என்று இரண்டு உண்டு. முன்னதில் கார்க் திருகு, பின்னதில் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர். மற்றதெல்லாம் ஏறத்தாழ ஒன்றே. திராட்சை ரசப் புட்டி திறக்கும் வீடாக இல்லாவிட்டால் டிங்கர்தான். சாவிக்கொத்தில் கோக்க வேண்டுமென்றால் 58 மி.மீ. கிளாசிக் போதும், அதன் கத்திரிக்கோலை நீங்கள் கத்தியைவிட அதிகம் பயன்படுத்துவீர்கள்.

படி 8: தீட்டவும் பேணவும்

சிறு கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகு சட்டென்று சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அங்கே எஃகின் கடினம் போய்விட்டது என்று பொருள். சொரசொரப்பும் வழவழப்புமாக இரு முகம் உள்ள ஒரு சாணைக்கல் வீட்டில் இருக்கட்டும். கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் தெரியும். அவசரத்துக்கு அதுவே போதும்.

அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாயுங்கள், 45 பாகை. அதில் பாதி, இன்னும் ஒரு பொட்டு கீழே. அதுதான் வேண்டிய 20 பாகை. அந்தச் சாய்வு மாறாமல், கல்லிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல் அடியிலிருந்து நுனி வரை இழுங்கள். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டிவிட்டு, மறுபக்கத்தில் முதுகிலிருந்து கூரை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வருடிப் பாருங்கள். கூரின் நெடுகே விரலை ஓட்டக்கூடாது. நுண்ணிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அது தெரிந்தால் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் வழவழப்பான முகத்தில், கத்தியின் எடையளவே அழுத்தம் கொடுத்து, பக்கம் மாற்றி மாற்றிச் சில இழுப்புகள். பிறகு தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும்.

பழம் நறுக்கினால் அன்றே கழுவித் துடைத்து, திறந்த நிலையில் உலர விடுங்கள். மடங்கும் ஆணியில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சில முறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். விமானப் பயணம் என்றால், முந்தின இரவே கத்தியை எடுத்து, சரக்காகப் போடும் பெட்டிக்குள் வையுங்கள். சாவிக்கொத்தில் கோத்த குட்டிக் கத்தியையும் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.