இங்கிலாந்துக்கு வந்த டாக்டர் லேப் பக்கம் போக நினைத்தால்

பிளாப் (வெளிநாட்டு டாக்டர்களுக்கான தேர்வு) முடித்து, ஜிஎம்சி என்ற மருத்துவக் கவுன்சிலில் பதிவு வாங்கி, முதல் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வேலையில் ஆறு மாதம் ஓட்டியதும் சிலருக்கு ஒரு நமைச்சல் வரும். கீமோவுக்கு நன்றாகக் கரைந்துகொண்டிருந்த கட்டி ஏன் திடீரென்று மசிய மறுக்கிறது, அதன் உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று. போய்ப் பார்க்க வழி உண்டு. ஆனால் முதல் குழப்பமே எம்டி என்ற இரண்டெழுத்தில் தொடங்கும்.

நம் ஊரில் எம்டி என்றால் கிளினிக்கல் மேற்படிப்பு. இங்கே அது ஆராய்ச்சிப் பட்டம், பெரும்பாலும் இரண்டு வருடம், கடைசியில் ஆய்வேடு. வந்த புதிதில் ஒரு பேராசிரியரிடம் பெருமையாக "எம்டி முடித்திருக்கிறேன்" என்றேன். அவரும் ஆர்வமாக "எந்த லேபில்?" என்று கேட்க, நான் வார்டு பெயரைச் சொல்லிவிட்டு முழித்தேன். சிவியில் "மூன்று வருட கிளினிக்கல் பயிற்சி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். எம்டிக்குப் பிந்தைய பயிற்சிக்காக இலங்கையிலிருந்து வருபவர்களும் இதைச் செய்வது நல்லது.

அடுத்தது "கிளினிக்கல் ரிசர்ச் ஃபெலோ" என்ற விளம்பரம். என்எச்எஸ் ஜாப்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் இது நிறைய வரும். ரிசர்ச் என்ற சொல்லைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள். பல வெறும் மருந்துச் சோதனை வேலைதான்: நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது, ரத்தம் எடுப்பது, பக்கவிளைவைப் பதிவு செய்வது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை, ஆனால் அதில் லேபில் திரவம் அளக்கும் பிப்பெட்டைத் தொட மாட்டீர்கள். "வாரத்தில் எத்தனை நாள் லேப், பட்டத்துக்குப் பதிவு செய்ய முடியுமா?" என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முறையான பாதை வேண்டுமென்றால் இங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச்ஆர் தரும் அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோஷிப். மூன்று வருடத்தில் 75 சதவீதம் வார்டு, 25 சதவீதம் ஆராய்ச்சி, அதாவது மொத்தமாக ஒன்பது மாதம். இதில் பிஎச்டி கிடைக்காது. பிஎச்டிக்கான பணத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான ஆரம்பத் தரவைச் சேர்க்கத்தான் அந்த ஒன்பது மாதம். அப்புறம் எம்ஆர்சி, வெல்கம், கேன்சர் ரிசர்ச் யுகே என்று நிதி தரும் அமைப்புகளின் கதவைத் தட்டலாம். ஸ்பெஷாலிட்டி டிரெயினிங்கில் ஏற்கெனவே இருந்தால் 'அவுட் ஆஃப் புரோகிராம்' (பயிற்சியிலிருந்து தற்காலிக விலகல்) எடுத்து, வழக்கமாக மூன்று வருடம் வரை லேபுக்குப் போய் வரலாம்.

லேபும் ஆஸ்பத்திரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊராகப் பாருங்கள். லண்டனின் சட்டன் பகுதியில் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேன்சர் ரிசர்ச்சும் ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் ஒரே இடத்தில், மான்செஸ்டரில் கிறிஸ்டி புற்றுநோய் ஆஸ்பத்திரி, கேம்பிரிட்ஜில் ஆடன்புரூக்ஸ் ஆஸ்பத்திரி வளாகம். காலையில் கிளினிக், மதியம் செல் கல்ச்சர் (லேபில் செல் வளர்ப்பது) என்று ஓடுகிறவருக்கு இந்த நடைதூரம் பெரிய விஷயம்.

இப்போது பணம். லேபுக்குப் போனால் ஆன்-கால் (அழைத்தால் வரும் முறை வேலை) படி நின்றுபோய் வெறும் அடிப்படைச் சம்பளம் வரும் மாதங்கள் இருக்கும், வாடகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதைவிட முக்கியம், வெளிநாட்டு மாணவருக்கான பிஎச்டி கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு, சில ஃபெலோஷிப்கள் உள்ளூர்க் கட்டணத்தை மட்டும்தான் தரும். மீதியை யார் கட்டுவது என்பதை ஆஃபர் வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சம்பளம் ஆஸ்பத்திரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறினால் விசா ஸ்பான்சரும் மாறும், வார இறுதியில் லோக்கம் (தற்காலிக மாற்று டாக்டர் வேலை) போகும் முன்னும் விசா நிபந்தனையைப் படியுங்கள்.

லேபில் முதல் மூன்று மாதம் மானம் போகும், அதற்குத் தயாராக இருங்கள். வார்டில் நர்ஸுகள் உங்களைக் கேட்டு நடப்பார்கள், இங்கே 23 வயதுப் பெண் செல்களைக் கிருமி படாமல் கையாளும் பெட்டியைக் காட்டி "ஹுட்டில் கையை இவ்வளவு ஆட்டாதீர்கள்" என்று திருத்துவாள். நான் வளர்த்த செல்கள் ஆறு வாரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, அவை வளரும் திரவமான மீடியம் கலங்கவே இல்லை, ஆனால் மருந்து சோதனை ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை. கடைசியில் பிசிஆர் போட்டால் மைக்கோபிளாஸ்மா. செல் சுவர் இல்லாத கிருமி, பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது என்று எம்பிபிஎஸ்ஸில் மனப்பாடம் செய்தவன்தான், பென்சிலின் ஊற்றிய மீடியத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். ஆறு வார வேலை குப்பைக்குப் போனது. முதல் நாளே செல்களைச் சோதித்துவிடுங்கள், பக்கத்து மேசைக்காரர் கொடுத்த செல்லாக இருந்தாலும்.

இன்னொன்று. அறுவை அரங்கில் மிஞ்சிய கட்டியை டப்பாவில் போட்டு லேபுக்கு எடுத்துப் போகும் பேச்சே வேண்டாம். 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இருக்கிறது. ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேப் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களின் மரபணுத் தரவைத் திரட்டி வைத்திருக்கிறது, சிபயோபோர்ட்டல் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நைட் டூட்டி முடிந்து தூக்கம் வராத காலையில், உங்கள் வார்டில் பார்த்த ஒரு கட்டியின் மரபணுவை அதில் தேடிப் பாருங்கள். சூப்பர்வைசருக்கு எழுதும் மின்னஞ்சலில் "புற்றுநோய் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்" என்பதற்குப் பதில் அங்கே கிடைத்த ஒரு வரைபடத்தையும், அதைப் பார்த்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும் அனுப்புங்கள். பத்து வரிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம்.