அடி வாங்கத் தெரியாதவரால் கெடும் சண்டைக் காட்சிகள்

ஒரே ஆள் இருபது பேரை அடிக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் படத்தின் பாணி அது என்று ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் கை படும் முன்பே ஒருவர் பறந்து விழுந்தால் தியேட்டரே சிரிக்கிறது.

இதற்குக் காரணம், ஒத்திகை நேரம் முழுவதையும் அடிப்பவருக்கே கொடுப்பது. குத்துக்குப் பலம் இருக்கிறதா இல்லையா என்று காட்டுவது வாங்குபவரின் உடம்புதான். பெரும்பாலான குத்துகள் முகத்தில் படுவதே இல்லை, ஒரு சாண் தள்ளியே கடந்துபோகும். கேமராவை அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ வைத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடும். பக்கவாட்டில் கிட்டத்தில் வைத்தால் பல்லிளித்துவிடும்.

அப்புறம் டைமிங். முஷ்டி தாடையைக் கடக்கிற அதே நொடியில் தலை திரும்ப வேண்டும். பிறகு தோள், இடுப்பு, கடைசியில் கால் தடுமாற வேண்டும். எல்லாம் ஒன்றாகத் திரும்பினால் பொம்மை மாதிரி இருக்கும். தலை முந்திக்கொண்டால் இன்னும் மோசம். வினோதம் என்னவென்றால், ஒத்திகை கூடக் கூட இந்தத் தவறும் கூடும். முப்பது தடவை செய்தவருக்கு அடி எப்போது வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் நல்ல ஸ்டன்ட் மாஸ்டர்கள் வாங்குபவரை அடுத்த அடிக்காகக் காத்திருக்க விடமாட்டார்கள். எதிராளியின் சட்டையைப் பிடி, கத்தியை எட்டி எடு என்று ஏதாவது வேலை கொடுப்பார்கள். அந்த வேலையின் நடுவில்தான் அடி விழும்.

சுற்றி நிற்கும் அடியாட்களுக்கும் இதே மருந்துதான். வரிசையில் நின்று தன் முறைக்காகக் குதித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஒருவர் எழ முயன்றுகொண்டிருக்கட்டும், இன்னொருவருக்கு வழியில் மேஜை கிடக்கட்டும், மூன்றாமவர் விழுந்தவர் மேல் தடுக்கட்டும். அவர் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்குக் காரணம் கண்ணெதிரே இருந்தால் போதும்.

கேமராவை உலுக்கி, நொடிக்கு இரண்டு கட் வைத்து ஒப்பேற்றுவது இன்னொரு பழக்கம். நடிகருக்குச் சண்டை வரவில்லை என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கும். 2014இல் வந்த ‘ஜான் விக்’கை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி, ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அவர், ‘ஜான் விக்’கிலும் நாயகனான ரீவ்ஸை மாதக்கணக்கில் ஜூடோ, ஜுஜுட்சு, துப்பாக்கி என்று பழக்கினார். அதனால் கேமராவைத் தள்ளி வைத்து ஷாட்டை நீளமாக ஓடவிட முடிந்தது. அந்தப் படத்தில் நடப்பதெல்லாம் நம்ப முடியாதவைதான். ஆனால் குண்டு தீர்ந்தால் நாயகன் மேகசின் மாற்றியாக வேண்டும். தான் வைத்த விதியை அந்தப் படமே மதிக்கிறது.

களைப்பையும் மறந்துவிடக் கூடாது. 2003இல் வந்த ‘ஓல்ட்பாய்’ படத்தின் நடைபாதைச் சண்டை பக்கவாட்டில், ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. பக்கவாட்டில் வைக்காதே என்று மேலே சொன்னதற்கு நேர் எதிர்! மூன்று நாள், 17 டேக். கேமரா தள்ளி இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதில் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் நடுவில் நின்று இளைப்பாறுகிறார்கள்.

சத்தத்தில் பெரிய ரகசியம் இல்லை. எல்லா அடிக்கும் ஒரே ‘டிஷ்யூம்’ போடாதீர்கள், அவ்வளவுதான். செலரிக் கீரைத் தண்டை முறித்து எலும்பு முறியும் ஓசை செய்பவர்கள்கூட, துணி உரசலையும் ஷூ வழுக்கலையும் தனியாகப் பதிவு செய்கிறார்கள்.

கடைசியாக, நிஜம் வேண்டும் என்று நிஜமாகவே அடிப்பது. துப்பாக்கி விஷயத்தில் நிஜம் தவறுதலாக நுழைந்தாலே உயிரை வாங்கிவிடும். 2021இல் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் துப்பாக்கிக்குள் அசல் தோட்டா இருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். வெறும் கையால் அடித்தாலும் லாபமில்லை. நண்பர்களின் குறும்படம் ஒன்றில் இருவர் ஒப்புக்கொண்டே நிஜமாக அறைந்துகொண்டார்கள். கன்னம் சிவந்தது. எடிட்டிங்கில் பார்த்தால், வாங்கியவர் அறை விழும் முன்பே கண்ணை இறுக மூடியிருந்தார். கடைசியில் படத்தில் வைத்தது, கை ஒரு சாண் தள்ளிப் போன டேக்கைத்தான்.