ஆஸ்பத்திரி மேல் கேஸ் போடுவதற்கு முன்: பெங்களூரில் நம் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

மருத்துவ அலட்சிய வழக்கு ஒன்று தோற்கிறது என்றால், பெரும்பாலும் சிகிச்சை கெட்டுப்போன முதல் சில வாரங்களிலேயே அது தோற்றிருக்கும். வாங்காமல் விட்ட காகிதங்கள், வேண்டாமென்று சொன்ன போஸ்ட்மார்ட்டம், எண்ணாமல் போன நாட்கள். வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இவற்றைப் பின்னால் சரிசெய்வது கடினம். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், கே.ஆர்.புரம் பக்கம் வாழும் நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கும், ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும், சொந்தபந்தமும் சுடுகாடும் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும்.

அந்தச் சுடுகாட்டுத் தூரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததும், விடிவதற்குள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே எல்லோருடைய நினைப்பும். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வழியாகப் போனால் எத்தனை மணிக்குச் சேலம் என்று யாராவது கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த அவசரத்தில் 'போஸ்ட்மார்ட்டம் தேவையில்லை, எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை' என்று டைப் செய்த தாளை நீட்டினால், பெரியப்பாவோ தாய்மாமாவோ படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். உடம்பைக் கிழிக்க விடமாட்டோம் என்ற மனசு யாருக்கும் புரியும். ஆனால் ஆறு மாதம் கழித்து நீங்கள் 'உள்ளே ரத்தம் கசிந்துதான் போனார்' என்பீர்கள், ஆஸ்பத்திரி 'மாரடைப்பு' என்னும். எது உண்மை என்று காட்டக்கூடிய உடல் அன்றைக்கே எரிந்திருக்கும். புதைத்திருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்றுத் தோண்டியெடுக்க வழி உண்டு, எரித்த பிறகு அதுவும் இல்லை.

சந்தேகம் இருக்கிறதா? அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, அரசு மருத்துவமனையில் போஸ்ட்மார்ட்டம் செய்யக் கேளுங்கள். ஒரு பகல் தாமதமாகும், அவ்வளவுதான். போஸ்ட்மார்ட்டம் இல்லாத வழக்குகளும் ஜெயித்திருக்கின்றன, இருந்தாலும் அவற்றை நிரூபிக்கும் பாரம் பல மடங்கு. அதே நேரத்தில் கண்ணாடியை உடைப்பது, டூட்டி டாக்டர் சட்டையைப் பிடிப்பது இரண்டையும் யார் தொடங்கினாலும் இழுத்து நிறுத்துங்கள். கர்நாடகத்தில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கென்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது போலீஸ் ஸ்டேஷனிலேயே பிணை கிடைக்காத குற்றம், கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். புகார் கொடுக்க வேண்டிய குடும்பம் அன்றிரவே குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

அடுத்தது, டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போவது. அது ஆஸ்பத்திரி தன் வாயால் சொல்லும் கதைச்சுருக்கம். உங்களுக்கு வேண்டியது முழு கேஸ் ஷீட்: டாக்டர் குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஐசியூ சார்ட், ஒப்புதல் படிவம், ஸ்கேன் ஃபிலிம்கள். டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைசிவரை தரவில்லை என்றால், அதையே ஆஸ்பத்திரிக்கு எதிராக எடுத்துக்கொள்ளும்படி, நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பக்க எண்களைச் சரிபாருங்கள். பிறகு நர்ஸ் குறிப்புகளில் நேரப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு இரவு 11 மணிக்கு பிபி 90/60 என்று எழுதியிருக்கும், அடுத்த பதிவு விடிகாலை 4 மணிக்கு இருக்கும். நடுவில் யார் வந்து பார்த்தார்கள், டாக்டரைக் கூப்பிட்டார்களா என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. அல்லது நடுவில் இரண்டு பதிவுகள் வேறு மையில், இடுக்கில் நுழைத்து எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான வழக்குகளின் உயிர் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் இருக்கிறது. டாக்டரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அந்த போனை விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய அதற்கான சான்றிதழோடு கொடுக்க வேண்டும் என்பதால், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

'ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன பேசுவது?' என்று பலர் அடங்கிப்போகிறார்கள். அந்தக் கையெழுத்து அலட்சியத்துக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. எதற்குச் சம்மதித்தீர்களோ அதற்கு மட்டும்தான் சம்மதம். டெல்லியில் பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) மட்டும் சம்மதித்த ஒரு பெண், மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தது, யாரும் தமிழில் விளக்கவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இனி நாள் கணக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். மும்பையில் 1993-இல் நடந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விட்டுவிட்டார்கள் என்று ஒரு நர்ஸ் வழக்குப் போட்டார். 2002-இல் நடந்த இரண்டாவது ஆபரேஷனில் அது தெரியவந்தது என்பது அவர் வாதம். தெரியவந்த நாளிலிருந்து காலத்தை எண்ணலாம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனாலும், வலியோடு 9 ஆண்டுகள் அந்த டாக்டரிடமே திரும்பப் போய்க் கேட்காமல் இருந்ததைச் சுட்டி, காலம் கடந்த வழக்கு என்று 2010-இல் தள்ளிவிட்டது. வலி தொடர்ந்தால் போய்க் காட்டுங்கள், காட்டியதற்குச் சீட்டு வாங்குங்கள்.

இந்த 2 ஆண்டை விழுங்குவது பெரும்பாலும் போலீஸ் புகாரும் மெடிக்கல் கவுன்சில் புகாரும்தான். 'முதலில் அங்கே முடிவு வரட்டும்' என்று காத்திருப்பார்கள். கர்நாடக மெடிக்கல் கவுன்சில் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம். உங்களுக்கு நஷ்டஈடு தராது. போலீஸ் வழக்கில் தேவைப்படும் அளவுகோல் இன்னும் உயரம். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும், அதுவும் இன்னொரு தகுதியான டாக்டரின் கருத்தைக் கேட்ட பிறகே மேலே போக வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே புகார் கொடுப்பது உங்கள் உரிமை, கொடுங்கள். அந்தக் காலத்திலும் நுகர்வோர் வழக்குக்கான 2 ஆண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆள் பிழைக்கவில்லை என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. இதைச் சொல்வதற்கு எனக்கே மனசு கனக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் நியாயமாக என்ன செய்திருப்பார் என்பதுதான் கேள்வி. மருத்துவ உலகம் ஏற்கும் இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது பலிக்காமல் போனால் டாக்டர் தப்பிவிடுவார். அதனால் கேஸ் ஷீட்டை அதே துறையைச் சேர்ந்த வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளூரில் எழுதித் தரத் தயங்கினால் வேலூரிலோ சென்னையிலோ கேளுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வயிற்றில் துணி, இடது காலுக்குப் பதில் வலது கால் என்றால் யாருக்கும் புரியும். ஐசியூ சிகிச்சை பற்றிய வழக்கில் அந்தத் தைரியத்தில் போகக்கூடாது.

பீன்யா பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் 'இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவமனையில்) காசு கட்டவில்லையே, கேட்க முடியாது' என்று நினைக்கிறார்கள். முடியும். சம்பளத்தில் பிடித்தம் போகிறது, அதனால் இஎஸ்ஐ நோயாளியும் நுகர்வோர்தான் என்று 2007-இல் தீர்ப்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கும். அதற்கு சிவில் கோர்ட். சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் புகார் கொடுக்கலாம். இது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே தீர்ந்த விஷயம்.

பில் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம் என்று ஆஸ்பத்திரி கூப்பிட்டால், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஆபரேஷன் சேலத்தில் நடந்திருந்தாலும், வீடு பெங்களூரில் என்றால் பெங்களூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கேட்கும் நஷ்டஈட்டை வைத்து எந்த ஆணையம் என்று முடிவாவதில்லை, சிகிச்சைக்குக் கட்டிய பணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். நுகர்வோர் புகார்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை என்றாலும், இந்த வகை வழக்கில் வைத்துக்கொள்வதே நல்லது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.